படைக்கு வந்த ரயில்: பெங்களூர் கன்டோன்மென்ட் நிலையமும் நகரப் பயணியும்

ஒரு நகரத்தின் முதல் ரயில் நிலையம் எந்த இடத்தில் அமைந்தது என்பதை அறிந்தால், அந்த ரயில் யாருக்காக வந்தது என்பதும் தெரிந்துவிடும். பம்பாயிலும் சென்னையிலும் கல்கத்தாவிலும் ரயில் பாதை துறைமுகத்தை ஒட்டிப் பிறந்தது. அங்கே ஏற்றுமதியும் இறக்குமதியும் அதன் பிறப்புக்குக் காரணமாயின. பெங்களூரின் நிலை வேறு. நெசவாளரும் வணிகரும் நிறைந்திருந்த பழைய பேட்டையை விட்டு விலகி, அதற்கு வடகிழக்கே, பிரிட்டிஷ் படைகள் தங்கியிருந்த முகாமின் ஓரத்தில் அங்கு முதல் நிலையம் எழுந்தது. 1864-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து வரும் பாதை திறக்கப்பட்டபோது பயன்பாட்டுக்கு வந்த அந்த நிலையமே இன்றைய பெங்களூர் கன்டோன்மென்ட் நிலையம் ஆகும். கன்னடத்தில் அதன் பெயர்ப் பலகை 'தண்டு' என்று கூறுகிறது. படை என்னும் பொருளில் தமிழிலும் வழங்கிய பழஞ்சொல் அது.

2014 நவம்பர் முதல் நகரத்தின் அதிகாரபூர்வப் பெயர் பெங்களூரு. தமிழ் வழக்கில் உள்ள பெங்களூர் என்ற பெயரே இக்கட்டுரையில் பயன்படுத்தப்படுகிறது. இந்நகரிலிருந்து இன்று ஜோலார்பேட்டை, மைசூர், தும்கூர், இந்துப்பூர், ஓசூர் வழியே சேலம், சிக்கபள்ளாபூர் எனப் பல திசைகளிலும் ரயில் பாதைகள் செல்கின்றன. ஒரு சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல அமைந்த இப்பாதைகளைக் காணும் எவரும், இங்கே புறநகர் ரயில் சேவை எளிதில் வளர்ந்திருக்கும் என்றே நினைப்பர். ஆனால் பம்பாயில் 1925-லும் சென்னையில் 1931-லும் மின்சாரப் புறநகர் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பெங்களூருக்குத் தனிப் புறநகர் ரயில் திட்டம் ஒன்று மத்திய அமைச்சரவைக் குழுவின் ஒப்புதலைப் பெற்றதோ 2020-இல்தான். தண்டவாளம் இருந்தும் நகரப் பயணிக்கு ரயில் இல்லாமற்போனது ஏன் என்ற வினாவுக்கு, கன்டோன்மென்ட் நிலையத்தின் வரலாற்றில் பெருமளவு விடை கிடைக்கிறது.

கிளைப் பாதையின் முனை

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் அங்கேயே நிறுத்தப்பட்ட பிரிட்டிஷ் படை காய்ச்சலால் பெரிதும் அல்லலுற்றது. எனவே 1809-இல் படைமுகாம் பெங்களூருக்கு, அல்சூர் ஏரியை அடுத்த மேட்டு நிலத்துக்கு மாற்றப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் உயர்ந்த இவ்விடத்தின் தட்பவெப்பம் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு உகந்ததாயிருந்தது. படையைத் தொடர்ந்து ஒப்பந்தக்காரர், தானிய வணிகர், கட்டடத் தொழிலாளர், வீட்டுப் பணியாளர் ஆகியோரும் வந்து சேர்ந்தனர். இவர்களில் பெரும்பாலோர் ஆர்க்காட்டுச் சீமையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள். பேட்டை கன்னடமும் தெலுங்கும் பேசியது. முகாமின் கடைத்தெருக்களில் தமிழ் ஒலித்தது. மொழியில் மட்டுமன்றி நிர்வாகத்திலும் இவ்விரண்டும் வெவ்வேறு ஊர்களாகவே வளர்ந்தன என்பதை நினைவிற்கொள்வது அவசியம்.

சென்னை ரயில்வே கம்பெனி 1856 ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தன் முதல் பாதையைத் திறந்தது. மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூரை அடைவதே அதன் முதல் நோக்கம். 1862-இல் அது நிறைவேறியது. பெங்களூர் இந்த நேர்வழியில் இல்லை. ஜோலார்பேட்டையில் பிரிந்து, குப்பத்து மேடுகளின் வழியே ஏறி, சுமார் 140 கிலோமீட்டர் சென்று பெங்களூரில் முடியும் ஒரு கிளைப் பாதையே அதற்குக் கிடைத்தது. மைசூர் நாடு அப்போது பிரிட்டிஷ் ஆணையர்களின் ஆட்சியில் இருந்தது. லூயின் பௌரிங் ஆணையராக இருந்த காலத்தில் இப்பாதை திறக்கப்பட்டது. இன்றைய பங்காருப்பேட்டை நெடுங்காலம் பௌரிங்பேட்டை என்று அழைக்கப்பட்டது அவர் பெயராலேயே.

இப்பாதைக்கான முதல் எங்கிருந்து வந்தது என்பதும் கருதத்தக்கது. அக்காலத்து ரயில்வே கம்பெனிகளின் முதலீட்டுக்கு ஆண்டுக்கு ஐந்து சதவீத வருவாய் உறுதியளிக்கப்பட்டிருந்தது. வருவாய் அதற்குக் குறைந்தால் இந்திய அரசின் கருவூலம் ஈடு செய்யும். இத்தகைய ஏற்பாட்டில், போக்குவரத்தைப் பெருக்குவதற்காகப் பேட்டை வணிகரின் வாசல்வரை பாதையை நீட்ட வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு எழவில்லை. படையையும் தளவாடங்களையும் விரைந்து கொண்டுவருவதே அரசின் தேவை. அது முகாமிலேயே நிறைவேறியது. பேட்டைக்கும் நிலையத்துக்கும் இடையே இருந்த தொலைவை வணிகரின் மாட்டு வண்டிகள் கடந்தன. பதினெட்டு ஆண்டுகள் கன்டோன்மென்ட் நிலையம் பாதையின் முனையாகவே நீடித்தது.

பஞ்சமும் இரண்டாவது நிலையமும்

கிளைப் பாதையின் முனையாக இருப்பதன் பொருள் என்னவென்பதை 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் கொடிய முறையில் உணர்த்தியது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய தானியத்தை ரயில் பெங்களூர் வரை கொண்டுவந்து சேர்த்தது. அதற்கு அப்பால் மைசூர் நாட்டின் பெரும் பகுதிக்கு மாட்டு வண்டியே கதி. தீவனமும் நீருமின்றி மாடுகள் மடிந்துகொண்டிருந்த காலம் அது. ரயில் முனையில் தானியம் இருப்பதும், நூறு மைல் தொலைவில் மக்கள் பட்டினி கிடப்பதும் ஒரே நேரத்தில் நிகழக்கூடியவை என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. 1871-இல் சுமார் 50.5 இலட்சமாக இருந்த மைசூர் நாட்டின் மக்கள்தொகை, 1881 கணக்கெடுப்பில் சுமார் 41.9 இலட்சமாகக் குறைந்திருந்தது. பத்தாண்டுகளின் இயல்பான பெருக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பின் அளவு இன்னும் பெரிதாகும்.

பஞ்சத்தின் பாடம் மைசூர்ப் பாதையாக வடிவெடுத்தது. பெங்களூரிலிருந்து மைசூர் வரையிலான பாதையின் மண் வேலைகளில் பஞ்ச நிவாரணத் தொழிலாளர் ஈடுபடுத்தப்பட்டனர். 1881-இல் ஆட்சி மீண்டும் உடையார் மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மைசூர்ப் பாதை முழுவதும் திறக்கப்பட்டது. இப்பாதை மைசூர் அரசின் சொந்தச் செலவில் அமைந்தது. படை நடமாட்டத்தை விட நாட்டின் தேவையை முன்னிட்டு அமைந்ததாதலால் இதன் பெங்களூர் முனை பேட்டையை ஒட்டி வந்தது. அதுவே பின்னாளில் நகர நிலையம் எனப் பெயர் பெற்று, இன்று கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா நிலையம் என வழங்குகிறது. கன்டோன்மென்டுக்கும் நகர நிலையத்துக்கும் இடையே சுமார் நான்கு கிலோமீட்டர் இணைப்புப் பாதையும் 1882-இல் போடப்பட்டது.

ஆயினும் இணைப்பு முழுமையானதன்று. சென்னையிலிருந்து வந்தது ஐந்தரை அடி அகலப் பாதை. மைசூர் அரசு, சிக்கனம் கருதி, அப்போது இந்திய அரசு ஆதரித்து வந்த மீட்டர் பாதையைத் தேர்ந்தது. எனவே ஒரு பாதையின் வண்டி மற்றதில் ஓட இயலாது. சரக்கு முழுவதையும் இறக்கி ஏற்ற வேண்டும்; பயணியும் இறங்கி மாற வேண்டும். இதன் பின் தும்கூர், அரிகரம் நோக்கியும், இந்துப்பூர் வழியாகக் குண்டக்கல் நோக்கியும் எழுந்த பாதைகள் மீட்டர் பாதைகளாகவே அமைந்தன. 1910-களில் எலகங்கா வழியாகச் சிக்கபள்ளாபூருக்குச் சென்ற இலகு ரயிலோ இரண்டரை அடிக் குறுகிய பாதை. ஒரே நகரத்தில் மூன்று வகை இருப்புப்பாதைகள்! சிக்கனத்துக்காகச் செய்த தேர்வு அந்தந்தப் பாதையளவில் நியாயமானதே. நகரம் முழுவதையும் ஒன்றாக வைத்து எவரும் கணக்குப் பார்க்கவில்லை என்பதே குறை.

புறநகர் சேவைக்கு இதனால் நேர்ந்த தடை எளிதில் விளங்கும். நகரின் கிழக்கே வாழ்பவர் மேற்கே வேலைக்குச் செல்ல வேண்டுமானால் வண்டி நகரின் ஊடே நில்லாது செல்ல வேண்டும். கிழக்குப் பாதை அகலமாகவும் மேற்குப் பாதை குறுகலாகவும் இருக்கும் ஊரில் அது நடவாது. மைசூர்ப் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டது 1990-களில். அதாவது, ஒயிட்ஃபீல்டிலிருந்து கெங்கேரிக்கு ஒரே வண்டி ஓடுவதற்கான அடிப்படை வாய்ப்பே, கன்டோன்மென்ட் நிலையம் திறந்து நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர்தான் உண்டாயிற்று.

ஓர் ஊர், இரண்டு ஆட்சிகள்

1881-இல் மைசூர் மன்னரிடம் நாடு திரும்பியபோது கன்டோன்மென்ட் பகுதி திரும்பவில்லை. 'சிவில் மற்றும் ராணுவ நிலையம்' என்ற பெயரில் அது பிரிட்டிஷ் ரெசிடெண்டின் நேரடி நிர்வாகத்தில் இருந்தது. 1860-களிலேயே இரு பகுதிகளுக்கும் தனித்தனி நகராட்சிகள் அமைந்திருந்தன. 1891 கணக்கெடுப்பில் பேட்டையைச் சார்ந்த நகரில் சுமார் 80,000 பேரும், ராணுவ நிலையப் பகுதியில் சுமார் ஒரு இலட்சம் பேரும் வாழ்ந்தனர். ஏறத்தாழ சம அளவான இரு ஊர்கள். இரண்டு காவல்துறைகள், இரண்டு வரி முறைகள். கப்பன் பூங்கா இடையில் பசுமையான எல்லையாக விளங்கியது.

இக்காலத்தில்தான் நகர விரிவாக்கம் தொடங்கியது. மைசூர் அரசு 1890-களில் மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் திட்டமிட்டு அமைத்தது. 1898-இல் பரவிய பிளேக் நோய் நெரிசலான பேட்டையை விட்டு மக்கள் வெளியேறும் வேகத்தைக் கூட்டியது. ராணுவ நிலைய நிர்வாகம் தன் எல்லைக்குள் பிரேசர் டவுன் போன்ற குடியிருப்புகளை எழுப்பியது. கிழக்கே தொலைவில், ஆங்கிலோ இந்தியர்களுக்காக மைசூர் மன்னர் 1882-இல் அளித்த நிலத்தில் ஒயிட்ஃபீல்டு குடியிருப்பு உருவாகி வந்தது. இவற்றுள் சில ரயில் பாதைக்கு மிக அருகில் இருந்தன. ஆயினும் குடியிருப்பைத் திட்டமிட்டோர் ரயில்வேயையும், ரயிலை நடத்தியோர் குடியிருப்பையும் கருத்திற்கொண்டதாகத் தெரியவில்லை.

சென்னையோடு ஒப்பிடும்போது வேறுபாடு தெளிவாகும். அங்கே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை செல்லும் பாதை ஒரே கம்பெனியுடையது. ஒரே அரசின் எல்லைக்குட்பட்டது. 1920-களில் மாம்பலம் ஏரிப் பகுதியில் தியாகராய நகர் உருவானபோது ரயில் நிலையம் அதன் விளிம்பிலேயே இருந்தது. தென்னிந்திய ரயில்வே 1931 மே மாதத்தில் அப்பாதையில் மின்சார வண்டிகளை ஓட்டியது. அதன் பின் ஊர் பாதையைத் தழுவி நீண்டது. பெங்களூரிலோ, 1908 முதல் கன்டோன்மென்ட் பாதை சென்னை மற்றும் தென் மராட்டா ரயில்வேயின் வசம் இருந்தது. மீட்டர் பாதைகள் மைசூர் அரசின் உடைமை. முதல் நிலையம் ஓர் ஆட்சியில், இரண்டாவது நிலையம் மற்றோர் ஆட்சியில். நான்கு கிலோமீட்டர் இடைவெளிக்குள் இத்தனை எல்லைகள் குறுக்கிட்டால் உள்ளூர்ப் பயணியின் தேவையைக் கேட்க எவருக்குப் பொறுப்பு இருந்திருக்கும்?

1947 ஜூலையில் ராணுவ நிலையப் பகுதி மைசூர் அரசிடம் திரும்பியது. 1949-இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. 1951-இல் மூன்று ரயில்வே அமைப்புகள் இணைந்து தென்னக ரயில்வே பிறந்தது. எல்லைகள் நீங்கின. ஆனால் அதற்குள் நகரத்தின் அமைப்பும் மக்களின் பயணப் பழக்கமும் ஒருவாறு உறுதிப்பட்டுவிட்டன.

தொழிற்சாலைகளும் பேருந்தும்

விடுதலைக்குப் பின் பெங்களூர் பொதுத்துறைத் தொழில்களின் நகரமாயிற்று. 1940-இல் தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை அடுத்து, 1948-இல் கிருஷ்ணராஜபுரத்துக்கு அருகே இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும், 1950-களில் ஜாலஹள்ளிப் பகுதியில் இந்துஸ்தான் இயந்திரக் கருவிகள், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனங்களும் வந்தன. ஒரே நேரத்தில் பணிக்குச் சென்று ஒரே நேரத்தில் திரும்பும் ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் கொண்ட இத்தகைய ஆலைகளே புறநகர் ரயிலுக்கு மிகச் சிறந்த அடித்தளம். ஆனால் நிறுவனங்கள் தத்தம் பேருந்துகளை வைத்துக்கொண்டன. ஆலைக்கு அருகிலேயே குடியிருப்பு நகரியங்களைக் கட்டின. நகரப் போக்குவரத்தை 1940 முதல் தனியார் கம்பெனி ஒன்று பேருந்துகளின் மூலம் நடத்தியது. 1956-இல் அது நாட்டுடைமையாக்கப்பட்டது. மக்கள் பேருந்துக்குப் பழகினர்.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. விமானத் தொழிற்சாலையில் தொடங்கிய ரயில் பெட்டித் தயாரிப்பு 1960-களின் நடுவில் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்துக்கு மாறி, பெங்களூரிலேயே தொடர்ந்தது. எலகங்காவில் 1984 முதல் சக்கரமும் அச்சும் தயாராகின்றன. நாடு முழுவதற்கும் ரயில் பெட்டியும் சக்கரமும் செய்து கொடுத்த ஊர், தன் தொழிலாளரைப் பேருந்தில் அனுப்பிக்கொண்டிருந்தது.

இதற்கு நிதி அமைப்பையும் ஒரு காரணமாகக் கூற வேண்டும். ரயில்வே, அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. நகரப் போக்குவரத்தின் நெரிசலால் துன்புறுவது மாநில அரசும் மாநகராட்சியும். புறநகர்க் கட்டணங்கள், குறிப்பாக மாதாந்தரச் சீசன் டிக்கெட், செலவை ஈடு செய்வதில்லை. பம்பாயிலும் சென்னையிலும் கல்கத்தாவிலும் ஏற்கெனவே இந்த இழப்பைச் சுமந்துவந்த ரயில்வே, நான்காவதாக ஒரு நகரை வலிந்து ஏற்க முன்வராதது வியப்பன்று. நன்மை ஒருவருக்கும் செலவு மற்றொருவருக்கும் சேரும் திட்டங்கள் கிடப்பில் கிடப்பது பொதுநிதி இயலில் நன்கறிந்த உண்மை. 1983-இல் தென்னக ரயில்வேயின் குழுவொன்று பெங்களூருக்குப் புறநகர் ரயில் தடங்களைப் பரிந்துரைத்தது. அப்போது நகரத் தொகுதியின் மக்கள்தொகை ஏறத்தாழ 29 இலட்சம். அப்பரிந்துரை செயலுக்கு வரவில்லை. 2011-இல் மக்கள்தொகை 85 இலட்சமாகிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பாதையோரத்து நிலம் என்ன விலைக்குப் போயிற்று என்பதை எண்ணிப் பார்த்தால், அன்று செய்யாத முதலீட்டின் உண்மையான விலை புலனாகும்.

மாரிக்குப்பத்திலிருந்து வருவோர்

புறநகர் ரயில் என்ற பெயரில்லாமலே அந்த வேலையைச் செய்துவரும் வண்டிகள் சில கன்டோன்மென்ட் நிலையத்துக்கு வருகின்றன. கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து அன்றாடம் வரும் பயணி வண்டிகள் அவற்றுள் முதன்மையானவை.

பௌரிங்பேட்டையிலிருந்து தங்கவயலுக்குச் செல்லும் சுமார் 16 கிலோமீட்டர் கிளைப் பாதையை மைசூர் அரசு 1894-இல் அமைத்தது. சுரங்கங்களுக்கு வேண்டிய நிலக்கரியும் இயந்திரங்களும் அதில் சென்றன. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபின் நிலக்கரியின் தேவை குறைந்தது. தொழிலாளர் வரத்து குறையவில்லை. வடஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சுரங்க வரிசை வீடுகளில் வாழ்ந்தன. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஊரின் ஒரே பெரிய தொழில் ஒரு நாளில் நின்றது.

அதன் பின் அந்த ஊரைத் தாங்கி நிற்பது இந்த ரயிலே என்றால் மிகையாகாது. ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் புறப்பட்டு, பங்காருப்பேட்டை, மாலூர், ஒயிட்ஃபீல்டு, கிருஷ்ணராஜபுரம் வழியாகப் பெங்களூருக்கு வந்து, கட்டட வேலை, காவல் பணி, கடை, அலுவலகம், ஆயத்த ஆடைத் தொழில் எனப் பலவற்றில் ஈடுபட்டு இரவில் திரும்புகின்றனர். ஒரு வழிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிறது. பெங்களூரில் ஓர் அறைக்குக் கொடுக்க வேண்டிய வாடகையை விடச் சீசன் டிக்கெட் மிகவும் மலிவு. எனவே அவர்கள் வாடகையைப் பணமாகக் கொடுக்காமல் நேரமாகக் கொடுக்கின்றனர். தினம் நான்கு மணி நேரம் என்பது வாரத்தில் ஆறு நாட்களுக்கு இருபத்து நான்கு மணி; அதாவது வாரந்தோறும் ஒரு முழு நாள் ரயிலிலும் நடைமேடையிலும் கழிகிறது.

இவ்வண்டிகள் நேரத்துக்கு வந்து சேர்வதிலுள்ள சிக்கலும் வரலாற்றின் மிச்சமே. சென்னை, திருப்பதி, வடநாடு, கேரளம் நோக்கிய நெடுந்தூர வண்டிகளும் சரக்கு வண்டிகளும் ஓடும் அதே பாதையில் இவையும் ஓட வேண்டும். முன்னுரிமை விரைவு வண்டிக்குக் கிடைக்கும்; பயணி வண்டி ஓரத்து நிலையத்தில் காத்திருக்கும். விரைவு வண்டியில் பத்து நிமிடத் தாமதம் எவர் வேலையையும் பறிப்பதில்லை. நாட்கூலிக்கு வருபவர் பத்து நிமிடம் பிந்தினால் அன்றைய வேலை மற்றொருவருக்குப் போய்விடலாம். கன்டோன்மென்டுக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் இடையே நான்கு தடங்களாக்கும் பணி 1990-களின் பிற்பகுதியிலேயே அனுமதிக்கப்பட்டது. ஆனால் பல ஆண்டுகள் முன்னேற்றமின்றிக் கிடந்து, 2010-களின் இறுதியில்தான் அதற்குப் புத்துயிர் கிடைத்தது.

நான்கு பூக்களின் பெயரில்

2018-19 மத்திய வரவு செலவுத் திட்டத்தில், பெங்களூருக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் புறநகர் ரயில் வலை ரூ.17,000 கோடிச் செலவில் திட்டமிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2020 அக்டோபரில் பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு அளித்த ஒப்புதல் 148.17 கிலோமீட்டருக்கு, மதிப்பீடு ரூ.15,767 கோடி. மத்திய, மாநில அரசுகள் ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்கை ஏற்க, எஞ்சிய அறுபது சதவீதம் கடனாகத் திரட்டப்பட வேண்டும். செயற்படுத்தும் நிறுவனத்தில் மாநில அரசுக்கு 51 சதவீதமும் ரயில்வேக்கு 49 சதவீதமும் பங்கு. நன்மை பெறுபவரும் செலவு செய்பவரும் ஒரே மேசையில் அமர்ந்த ஏற்பாடு இது. நூற்றாண்டுக்கு மேலாக இல்லாதிருந்ததும் இதுவே.

தடங்களுக்குப் பூக்களின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. நகர நிலையத்திலிருந்து தேவனஹள்ளி வரை 41.4 கிலோமீட்டர் 'சம்பிகே' தடம். பையப்பனஹள்ளியிலிருந்து சிக்கபாணாவரா வரை சுமார் 25 கிலோமீட்டர் 'மல்லிகே'. கெங்கேரியிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை 35.52 கிலோமீட்டர் 'பாரிஜாத'. ஹீலலிகேயிலிருந்து ராஜானுகுண்டே வரை 46.24 கிலோமீட்டர் 'கனக'. இவற்றுள் கன்டோன்மென்ட் வழியே செல்வது பாரிஜாதத் தடம். 1882-இன் இணைப்புப் பாதை இணைக்க இயலாதுபோன கிழக்கையும் மேற்கையும் இது ஒரே வண்டியில் இணைக்கும்.

செலவை நோக்கும்போது திட்டத்தின் பொருளாதார நியாயம் வலுவானது. மதிப்பீட்டின்படி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ரூ.106 கோடி ஆகிறது. 2014-இல் ஒப்புதல் பெற்ற பெங்களூர் மெட்ரோவின் இரண்டாம் கட்டம் சுமார் 72 கிலோமீட்டருக்கு ரூ.26,405 கோடி என மதிப்பிடப்பட்டது; கிலோமீட்டருக்கு ரூ.366 கோடி. அந்த மதிப்பீடும் பின்னர் உயர்ந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பது உண்மையே. நகரின் நடுவே சுரங்கம் தோண்டும் பணியையும், பெரும்பாலும் ரயில்வே நிலத்தை ஒட்டியே செல்லும் பணியையும் நேருக்கு நேர் ஒப்பிடுதல் முறையாகாது. எனினும், ஏற்கெனவே இருக்கும் ரயில்வே நிலப்பட்டை எவ்வளவு அரிய மூலதனம் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. 1864-இல் படைக்காக எடுக்கப்பட்ட நிலம் அது.

2022 ஜூன் 20-ஆம் நாள் பிரதமர் இத்திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதே நாளில் கன்டோன்மென்ட் நிலையத்தை ரூ.500 கோடியிலும் யஷ்வந்த்பூர் நிலையத்தை ரூ.375 கோடியிலும் சீரமைக்கும் பணிகளும் தொடங்கிவைக்கப்பட்டன. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மல்லிகேத் தடத்தின் பணி எதிர்பார்த்த வேகத்தில் நடைபெறவில்லை. பாரிஜாதத் தடம் அதற்கும் பின்னால் நிற்கிறது.

இரண்டு செய்திகளைத் திட்டமிடுவோர் கூர்ந்து நோக்க வேண்டும். மெட்ரோவின் காளேன அக்ரஹாரம் - நாகவாரா தடத்தில் அமையும் கன்டோன்மென்ட் சுரங்க நிலையம், தொடக்கத்தில் ரயில் நிலையத்தை ஒட்டியே திட்டமிடப்பட்டிருந்தது. செலவையும் கட்டுமான வசதியையும் காரணம் காட்டி அது அருகிலுள்ள பம்பூ பஜார் மைதானத்துக்கு மாற்றப்பட்டது. நகர மக்களின் அமைப்புகள் இதை எதிர்த்தன. வரைபடத்தில் இந்த இடைவெளி சிறியது. மூட்டையோடும் குழந்தையோடும் இறங்கும் பயணிக்கு அது சாலையும் படிக்கட்டும் கடக்க வேண்டிய தொலைவு. அகலப் பாதை நிலையத்துக்கும் மீட்டர் பாதை நிலையத்துக்கும் இடையே முன்பு பயணி மாறிச் சென்றதைப் போன்றதொரு மாற்றத்தை, வேறு நிர்வாகங்களின் பெயரில் மீண்டும் உண்டாக்கக் கூடாது. சுரங்க நடைபாதை ஒன்று இவ்விரண்டையும் இணைத்தால் குறை பெரிதும் நீங்கும்.

மற்றொன்று, பாரிஜாதத் தடம் ஒயிட்ஃபீல்டில் முடிந்துவிடுகிறது என்பது. அதற்கு அப்பால் மாலூரும் பங்காருப்பேட்டையும் தங்கவயலும் உள்ளன. புறநகர்த் தடங்களை அண்டை நகரங்கள் வரை நீட்ட வேண்டும் என்ற கருத்து மாநிலத் தரப்பிலிருந்து எழுந்துள்ளது. அது கைகூடும் வரை, மாரிக்குப்பத்து வண்டிகள் பழைய பாதையில்தான் வர வேண்டும். நான்கு தடப் பணி நிறைவுற்று, நெடுந்தூர வண்டிகள் பிரிந்து சென்றால், அவ்வண்டிகளின் கால அட்டவணையில் அரை மணி நேரத்தையேனும் குறைக்க வழியுண்டா என்று ரயில்வே ஆராய்வது பயனளிக்கும். புதிய தடங்களில் ஏறப்போகும் பயணிகளைப் பற்றிய மதிப்பீடுகள் திட்ட அறிக்கைகளில் இடம்பெறுகின்றன. இப்பயணிகளோ நாள்தோறும் சீசன் டிக்கெட்டுடன் கன்டோன்மென்ட் நடைமேடையில் வந்து இறங்கிக்கொண்டிருக்கின்றனர்.